அம்மிக்கூலிக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

சிங்கப்பூர் போய் வந்தவர்களில் பலர் மேக்ஸ்வெல் உணவங்காடியில் வரிசையில் நின்று கோழிச்சோறு சாப்பிட்டிருப்பார்கள். அந்த அங்காடியின் முகவரி எண் 1, கடையநல்லூர் தெரு. தஞ்சோங் பகார் வட்டாரத்தில், உயரக் கட்டடங்களின் நிழலில் கிடக்கும் அந்தச் சிறு தெருவுக்குத் தென்காசி மாவட்டத்து நகராட்சி ஒன்றின் பெயர். அதைப் பார்த்துத் திகைத்துப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. காரணம் தெரிந்தவர்கள் கடையநல்லூரிலும் தென்காசியிலும் இருக்கிறார்கள். ஆனால், அந்தக் காரணம் இன்னும் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது, வீதிக்கு வரவில்லை.

கடையநல்லூர் நெசவு ஊர். மில் துணி கைத்தறியை நெருக்கியது. மழையும் சில ஆண்டுகள் ஏமாற்றியது. தறியை நம்பிய குடும்பங்கள் கடல் தாண்டத் துணிந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சிங்கப்பூரில் தனித்துத் தெரியும் ஒரு கூட்டமாகிவிட்டார்கள். கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான ரயில்பாதை 1904-ல் முழுமை பெற்றபின் நாகப்பட்டினம் எட்டும் தொலைவுக்கு வந்தது. அங்கிருந்து கப்பல். 1926-ல் கட்டப்பட்டு எழுபதுகள் வரை ஓடிய ‘ரஜூலா’வின் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மலரும் முதியவர்கள் உண்டு. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து ஒரு வாரத்துக்குக் குறையாமல் பயணம். சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிந்தபிறகும் தளப் பயணிகளை உடனே விட்டுவிட மாட்டார்கள். செயிண்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்துத்தான் ஊருக்குள் அனுப்பினார்கள்.

இதுவரை சொன்னது வேறு பல தமிழ் ஊர்களுக்கும் பொருந்தும். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் வேறுபட்டது அடுத்த விஷயத்தில். கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு ஒற்றை ஆளாகச் சபர் (கடல் பயணம்) போனவர்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள், பிள்ளை பிறந்த செய்தியைக் கடிதத்தில் படிப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து போனவர்களிலோ பலர் பெண்டுபிள்ளைகளோடு போனார்கள். ஆண்கள் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்தார்கள்.

வீட்டுச் சமையலுக்காக அரைத்ததைச் சொல்லவில்லை. கூலிக்கு அரைத்தார்கள், விற்பனைக்கு அரைத்தார்கள். மல்லி, மிளகாய், மஞ்சள், சீரகம், மிளகு எல்லாம் தண்ணீர் தெளித்துக் கல்லில் இழைத்து உருண்டையாக வழித்தெடுக்க வேண்டும். மீன் குழம்புக்கு ஒரு பதம், இறைச்சிக்கு வேறு பதம், குருமாவுக்கு இன்னொன்று. குளிர்பெட்டி இல்லாத காலம் என்பதால் அன்றைய மசாலாவை அன்றே அரைத்தாக வேண்டும். எனவே இந்த வேலைக்கு விடுமுறை கிடையாது. மிளகாய் அரைத்த கை இரவெல்லாம் எரியும். எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாலும் அடங்காது. சிங்கப்பூர்ச் சாப்பாட்டின் மணத்தை உலகமே புகழ்கிறதே, அந்த மணத்தில் ஒரு பங்கு இந்தப் பெண்களின் தோள்வலி.

துறைமுகக் கூலிக்கு ஒரு முதலாளி இருந்தான், கங்காணி இருந்தான், சம்பளப் பட்டியல் இருந்தது. வேலைநிறுத்தம் நடந்தால் பத்திரிகையில் செய்தி வரும். விபத்து நடந்தால் கோப்பு பிறக்கும். அம்மிக்கு முதலாளியும் இல்லை, பட்டியலும் இல்லை. ஆவணத்தில் ஏறாத உழைப்பு வரலாற்றில் எப்படி ஏறும்? புலம்பெயர்ந்த தமிழர் வரலாறு என்று நாம் எழுதியதெல்லாம் பெரும்பாலும் கப்பலேறிய ஆண்களின் வரலாறு. ஆனால், ஒரு கூட்டம் வேற்று மண்ணில் வேர் பிடித்ததா, சம்பாதித்துத் திரும்பியதா என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் பெண்களின் வரவுதான். கடையநல்லூரின் கதை எனக்கு இதைத்தான் சொல்கிறது. இதே காலத்தில் பசிபிக்கின் மறுகரையில் நடந்த இன்னொரு கதையும் இதையே சொல்கிறது.

1885 பிப்ரவரியில் ‘சிட்டி ஆஃப் டோக்கியோ’ என்ற கப்பல் ஹொனலூலுவில் நங்கூரமிட்டது. ஜப்பான் அரசும் அப்போது தனி முடியரசாக இருந்த ஹவாயும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, கரும்புத் தோட்டங்களுக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் 900-க்கு மேற்பட்டோர் அதில் வந்திறங்கினார்கள். ஆணுக்கு மாதம் 9 டாலர், பெண்ணுக்கு 6 டாலர். சாப்பாட்டுப் படி தனி, அதிலும் பெண்ணுக்குக் குறைவு. அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 2 லட்சம் ஜப்பானியர் ஹவாய்க்கும், 1.8 லட்சம் பேர் அமெரிக்கப் பெருநிலத்துக்கும் போனார்கள். தோட்டத்தில் ஒவ்வொருவர் கழுத்திலும் எண் பொறித்த உலோக வில்லை தொங்கியது. சம்பளம் வாங்கவும் கடையில் கடன் வாங்கவும் அந்த எண்தான்; பெயருக்கு அங்கே வேலையில்லை. குதிரைமேல் சவுக்கோடு வந்த மேற்பார்வையாளனை ‘லூனா’ என்றார்கள். நம் ஊர்க் கங்காணியைத் தெரிந்தவர்களுக்கு லூனாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லூனா வேற்று இனத்தவன், கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன். எது கொடுமை என்பது அனுபவித்தவர்கள் சொல்ல வேண்டியது.

1907–08-ல் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட ‘கனவான்கள் உடன்பாடு’ புதிய தொழிலாளர் வரவை நிறுத்தியது. ஏற்கெனவே குடியிருப்பவர்களின் மனைவியர் வரத் தடையில்லை. இந்த ஒரு சந்து வழியாக ஒரு சமூகமே உள்ளே நுழைந்தது. புகைப்படத்தைக் கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் பரிமாறிக்கொண்டு ஊரில் திருமணத்தைப் பதிந்துகொள்வார்கள்; பிறகு மணமகள் கப்பலேறுவாள். இறங்குதுறையில் கையில் படத்தோடு நிற்கும் அவளுக்கு, படத்திலிருந்த இளைஞனுக்குப் பதில் பத்து வயது கூடிப்போன, வெயிலில் கறுத்த ஒருவன் முன்வந்து நிற்பான். சிரிப்புக் கதையாகச் சொல்லப்படும் இந்தக் காட்சிக்கு அடுத்த நாள் காலையைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை. விடியுமுன் எழுந்து கணவனுக்குச் சமைத்து, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவளும் கரும்புக் காட்டுக்குப் போனாள். காய்ந்த தோகையைக் கழிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. தோகையின் விளிம்பு கையை அறுக்கும். மாலையில் திரும்பி வந்து, மணமாகாத ஆண்களின் துணியைத் துவைத்துக் காசு சேர்த்தவர்களும் உண்டு. அந்தத் துவைப்புக் காசுக்கும் பட்டியல் இல்லை.

ஆனால், அங்கே நடந்த ஒன்று இங்கே நடக்கவில்லை. 1909-ல் ஒவாஹு தீவின் ஜப்பானியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வேலைக்குப் போர்த்துக்கீசியருக்கு மாதம் 22.50 டாலர், எங்களுக்கு 18 டாலர், ஏன் என்பது அவர்கள் கேள்வி. 1920-ல் ஃபிலிப்பினோ தொழிலாளர்களோடு சேர்ந்து மறுபடியும் நிறுத்தினார்கள். அந்த இரண்டாம் கோரிக்கைப் பட்டியலில் பெண்களின் நாட்கூலியை 58 சென்ட்டிலிருந்து 95 சென்ட் ஆக்க வேண்டும் என்பதும், பேறுகாலத்துக்கு முன் இரண்டு வாரம், பின் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்பதும் இருந்தன. 1920-ல்! இரண்டு போராட்டங்களும் தோட்ட முதலாளிகளால் முறிக்கப்பட்டன. தோற்ற போராட்டத்தின் தாள் தங்கிவிட்டது. கரும்புக் காட்டில் பெண்கள் பாடிய ‘ஹோலே ஹோலே புஷி’ பாடல்களை 1960-களில் ஹொனலூலுவின் இசை ஆசிரியர் ஹாரி உராத்தா, உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப் போய் ஒலிநாடாவில் பதிந்தார். அவர் அரசு அதிகாரி அல்ல, பேராசிரியரும் அல்ல. பாட்டு வாத்தியார் ஒருவர், ஓர் ஒலிப்பதிவுக் கருவி. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

1942 பிப்ரவரியில் இந்த இரண்டு கதைகளும் ஒரே வாரத்தில் மோதிக்கொள்கின்றன. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். தஞ்சோங் பகாரில் குண்டுக்குத் தப்பிப் பதுங்கியிருந்த தென்காசிக்காரர்களுக்கு ஜப்பானியன் என்றால் துப்பாக்கியோடு வந்தவன். அடுத்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஓட்டிச்செல்லப்பட்டார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை, திரைப்படத்தால் புகழ்பெற்ற போர்க்கைதிகளின் சாவுத் தொகையைவிடப் பல மடங்கு. அதே நாட்களில், ரூஸ்வெல்ட்டின் அந்த ஆணைப்படி, கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி பயிரிட்டுப் பிழைத்த ஜப்பானியக் குடும்பம், கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பாலைவன முகாமின் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் ஏறக்குறைய 1,20,000 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்து அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தவர்கள். பேரரசு ஒன்றின் படையும், அதே நாட்டை விட்டு வயிற்றுப்பாட்டுக்குப் போன கூலியும் ஒன்றல்ல என்பதை அன்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. அன்று ஹவாயின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானியர். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் அங்கேதான். ஆனால், ஹவாயில் ஒட்டுமொத்தமாக அடைத்துவைக்கவில்லை. அவர்களை அடைத்தால் தோட்டமும் நடக்காது, துறைமுகமும் நடக்காது. தேசப் பாதுகாப்பு என்ற பேச்சு உழைப்பின் தேவைக்கு முன்னால் எவ்வளவு விரைவில் வளைந்துகொடுக்கிறது!

குடியுரிமைதான் இந்தக் கதைகளின் முதுகெலும்பு. வெள்ளையர் அல்ல என்பதால் ஜப்பானியர் குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-ல் ஒசாவா வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நம் பஞ்சாப்காரர் பகத் சிங் திந்த்துக்கும் அதே கதி. முதல் தலைமுறை ஜப்பானியருக்கு அந்தக் கதவு 1952-ல்தான் திறந்தது. இலங்கையில் நேர்மாறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் போய்க் காப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டிய மக்களின் கதவை, விடுதலை பெற்ற முதல் ஆண்டிலேயே, 1948-ன் குடியுரிமைச் சட்டம் மூடியது. 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தைப் பத்தாண்டு கழித்துப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு வார்த்தை அந்த மக்களிடம் கேட்கப்படவில்லை. அந்தத் தோட்டங்களில் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை 1930-களிலேயே ‘துன்பக்கேணி’யில் எழுதியவர் திருநெல்வேலியைச் சேர்ந்த புதுமைப்பித்தன். அரசு ஆவணங்களில் தேடிக் கிடைக்காத தோட்டத்துப் பெண், கதையின் நாயகி மருதியாகக் கிடைக்கிறாள்.

சிங்கப்பூரில் கதவு எல்லோருக்கும் அகலத் திறந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். 1953-ல் குடிவரவுச் சட்டம் இறுகியது. ஆனால், 1957-ன் குடியுரிமைச் சட்டம் வந்தபோது கடையநல்லூர்க்காரர்கள் ஏற்கெனவே குடும்பமாக ஊன்றியிருந்தார்கள். 1941-லேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியாயிற்று. போர் முடிந்து ஊர் இன்னும் இடிபாடாகக் கிடந்த 1946-ல் அவர்கள் முதலில் செய்த வேலை, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியை எழுப்பியது. மூட்டை தூக்கியவர்களும் மசாலா அரைத்தவர்களும் சேர்ந்து எழுப்பிய பள்ளி. பிறகு அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளியாக 1982 வரை நடந்தது. அந்தப் பெயர் இன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் தொடர்கிறது. குடும்பம் இல்லாத இடத்தில் யாருக்காகப் பள்ளி கட்டுவார்கள்? ஒற்றை ஆண்கள் விடுதி கட்டுவார்கள், சங்கம் கட்டுவார்கள், ஊரில் மாடி வீடு கட்டுவார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம், மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களில் பெரும்பாலோர் சங்கரன்கோவில், கயத்தாறு பக்கம் வேர் உள்ளவர்கள். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு அவர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று வீதியில் உட்கார்ந்தார்கள். அப்போது நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் முதலில் விரட்டியது கம்பெனிக்காரர்களை அல்ல, இத்தனை காலம் அவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிவந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை. ஒன்பது நாளில் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. ஐந்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே மூணாறு மலையின் பெட்டிமுடியில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். நூறாண்டு உழைத்தும் சொந்தமாக ஒரு சென்ட் மண் இல்லாமல் கம்பெனி லயத்திலேயே பிறந்து, கம்பெனி லயத்திலேயே மண்மூடியவர்கள்.

மலைக்கு இந்தப் பக்கம், கடையநல்லூர், தென்காசி, ஆலங்குளம் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். சுளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலையில் ஓட்டை இருந்தாலும், தூள் குறைந்தாலும் நட்டம் சுற்றியவள் தலையில். 1966-லேயே பீடித் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. வைப்புநிதிப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கோ எத்தனை பெண்கள் எத்தனை முறை அலைந்திருக்கிறார்கள்! கணவன் துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். அவன் அனுப்பும் பணம் வங்கிக் கணக்கில் தெரிகிறது, அந்நியச் செலாவணியாகப் புள்ளிவிவரத்தில் ஏறுகிறது. அது வரும்வரையிலும், வராமல் போகும் மாதங்களிலும் அடுப்பெரிவது பீடிக் காசில். அம்மி போய் சுளவு வந்தது, அவ்வளவே.

ஜப்பானிய அமெரிக்கர்களை இங்கே இழுத்தது, அவர்களுடைய துயரம் பெரிது, நம்முடையது சிறிது என்று காட்டுவதற்கல்ல. அவர்கள் எழுதிவைத்தார்கள். முகாமுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சாட்சியங்களைத் திரட்டினார்கள். பேச மறுத்த தாய்களைப் பேசவைத்தார்கள். 1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்ததற்கு அந்தச் சாட்சியங்களே அடித்தளம். 1992-ல் லாஸ் ஏஞ்சலஸில் அவர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தது. சிங்கப்பூரும் 1979-லிருந்து வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவருகிறது. நம் வீட்டுக் கதையின் அக்கரைப் பாதி அங்கே பத்திரமாக இருக்கிறது. இக்கரைப் பாதிக்குத்தான் ஆளில்லை. கப்பலேறாமல் ஊரிலேயே நின்றவள், ஏறிப் போய்த் திரும்பி வந்தவள், சிங்கப்பூரில் பிறந்து போரில் தப்பி ஊருக்கு அனுப்பப்பட்டவள் இவர்களெல்லாம் இக்கரைக் கணக்கில் வருகிறவர்கள்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. புதிய மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் கட்டுகிறோம், அருவிக்கரையை அழகுபடுத்துகிறோம், செய்யட்டும். குற்றாலத்தில் ஓர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சாரல் சீசனில் ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் வரும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி அங்கே எட்டிப் பார்த்தாலும் போதும். அங்கே ஓர் அறை, கடல் தாண்டியவர்களுக்கும் மலை தாண்டியவர்களுக்கும். பழைய கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, நீல நிற வான்கடிதம், கங்காணியின் கணக்குநோட்டு, கல் அம்மி. இவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, பரண்களில் கிடக்கின்றன. வீடு இடித்துக் கட்டும் வேகத்தில் வாரந்தோறும் பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏறிக்கொண்டும் இருக்கின்றன. அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறை வைத்து, ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடும் அரசுக்கு இது பெரிய செலவல்ல. சென்னையில் மேடை போட்டுத் தொழிலதிபர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

தொடங்க வேண்டியது பெண்களிடமிருந்து. ஐம்பதுகளில் சிறுமியாகக் கப்பலேறியவருக்கு இன்று வயது எண்பது நெருங்கியிருக்கும். அம்மியில் அரைத்த கைகளைக் கண்ணால் பார்த்த கடைசித் தலைமுறை அது. மாவட்டத்தின் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிக்கும் மாணவியர் கையில் ஆளுக்கொரு கைபேசி இருக்கிறது. ஆண்கள் நுழைய முடியாத உள்வீடுகளுக்குள் அவர்கள் போய் உட்காரலாம். கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: ஒரு நாளைக்கு எவ்வளவு அரைத்தீர்கள், யாருக்கு விற்றீர்கள், காசு யார் கைக்கு வந்தது, பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்பு வரை அரைத்தீர்கள். ஜமாஅத்துகள் தங்கள் திருமணத் தப்தர்களை (பதிவேடுகளை) படியெடுக்க அனுமதித்தால், எந்தத் தெருவிலிருந்து எந்த ஆண்டில் யார் யார் போனார்கள் என்பதன் எலும்புக்கூடு கிடைத்துவிடும். இதற்கு ஆட்சியரின் ஒரு கடிதமும், இரண்டு மூன்று ஜமாஅத் தலைவர்களின் சம்மதமும், கல்லூரிகளில் ஒரு பருவத்து மதிப்பெண்ணும் போதும். அடுத்த சீசனுக்குள் தொடங்கிவிடலாம்.